கால் பிடிக்கிற வேலை

முப்பது வயதில், மாதம் பிறந்தால் பேங்கில் வந்து விழுகிற சம்பளத்தை உதறிவிட்டு, பதினேழு வயசுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலரை வருஷம் படிக்கப் போகிறேன் என்று உங்கள் வீட்டுப் பையன் சொன்னால் என்ன செய்வீர்கள்? முதலில் ஜாதகத்தை எடுப்பீர்கள். ஏழரை நாட்டுச் சனி எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்கள். அதிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் தாய்மாமனுக்கு போன் போடுவீர்கள்.

எங்கள் குடும்பத்தில் அந்தத் தாய்மாமன் நான்.

2015ல் நடந்தது இது. அக்கா மகன் சென்னையில் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எட்டு வருஷமாக டெஸ்டிங் பார்த்துக் கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் பாபநாசத்தில் இறங்கி, காபி குடித்துவிட்டு, 'பிசியோதெரபி படிக்கப் போறேன்' என்று சொல்லியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"டாக்டருக்குப் படிக்கிறேன்னாலாவது ஊர்ல சொல்லிக்கலாம் மாப்ள. கால் பிடிச்சு விடுற வேலைக்கா இவன இன்ஜினீயருக்குப் படிக்க வெச்சேன்?"

அத்தானை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தத் தொழிலின் ஆரம்பத்திலேயே இந்தப் பேச்சு இருந்திருக்கிறது. 1894ல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் வேறு வியாபாரம் நடக்கிறது என்று பத்திரிகைகள் கிழித்துக் கொண்டிருந்தன. முறையாகத் தொழில் கற்றிருந்த நான்கு நர்ஸுகள், 'நாங்கள் அந்த வகை இல்லை' என்று உலகத்துக்குச் சொல்ல ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி அமைப்பானது. பிறகு முதல் உலகப் போர் வந்தது. கை கால் போன சிப்பாய்கள் லட்சக்கணக்கில் திரும்பி வந்ததும் 'கால் பிடிக்கிற' ஆட்களுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அதன் பிறகு போலியோ. ஆஸ்திரேலியாவில் எலிசபெத் கென்னி என்ற நர்ஸ், போலியோ வந்த குழந்தையின் காலைக் கட்டை வைத்துக் கட்டிப்போடுவதுதான் வைத்தியம் என்று டாக்டர்கள் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், கட்டை அவிழ்த்துவிட்டு வெந்நீரில் பிழிந்த கம்பளித் துணியை ஒற்றி, தசைகளை மெல்ல அசைக்கச் சொல்லிக் கொடுத்தார். ஏகப்பட்ட வசவு வாங்கினார். 1946ல் ஹாலிவுட்டில் அவரைப் பற்றிப் படமே வந்தது. நம் நாட்டிலும் 1950களின் தொடக்கத்தில்தான் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கான படிப்பு ஆரம்பமானது.

இதெல்லாம் அத்தானிடம் சொல்லக்கூடிய விஷயமா, சொல்லுங்கள்?

அவனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுடைய அம்மாச்சி, அதாவது என் அம்மா, 2013 மார்கழியில் வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தாள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணியது. புறா ரத்தம் தடவச் சொன்னார் ஒருவர். ஒரு மண்டலம் எண்ணெய் போடச் சொன்னார் இன்னொருவர். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து உயிரோடு வீட்டுக்கு வந்தாள். மருந்துச் சீட்டின் கீழே கடைசி வரியாக 'பிசியோதெரபி' என்று எழுதியிருந்தது. மாத்திரை வாங்கினோம். கடைசி வரியை எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியவில்லை.

விசாரித்ததில் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வாரம் மூன்று நாள் டிவிஎஸ் ஐம்பதில் வர ஒப்புக்கொண்டார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். முதல் நாளே எங்கள் எல்லோரையும் ஒரு அதட்டு அதட்டினார். அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்ப விழுந்த கையைப் பிடித்து இழுத்துக் கொண்டிருந்தோம். "அந்தக் கையப் புடிச்சு இழுக்காதீங்க. தோள்பட்டை மூட்டு கழண்டுக்கும்" என்றார். செயலிழந்த தசை மூட்டைத் தாங்காது, கையின் கனமே அதைக் கீழே இழுக்கும் என்று விளக்கினார். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது படுத்திருந்தால், இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பேரன் ஒரு மாசம் லீவு போட்டுவிட்டு வந்து அவர் பின்னாலேயே நின்றான். அவர் வராத நாட்களில் அவன் செய்தான். விரலில் லேசாக அசைவு தெரிந்ததும் அவர் ஒரு வினோதமான காரியம் செய்யச் சொன்னார். நன்றாக இருக்கிற இடது கையைத் துணி உறை போட்டுக் கட்டிவிட வேண்டும், தினம் சில மணி நேரம். எல்லா வேலையையும் கெட்டுப்போன கையே செய்ய வேண்டும். அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது. 222 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2006ல் பலன் உண்டு என்று நிரூபித்திருக்கிறார்கள். விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது. மூளையில் செத்த இடம் செத்ததுதான், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டால் பக்கத்து இடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் என்பது இதன் சூட்சுமம்.

அம்மாவுக்குப் பந்து பிடிக்கச் சொன்னால் எரிச்சல் வரும். "நான் என்ன சின்னப்புள்ளயா?" என்பாள். பேரன்தான் கண்டுபிடித்தான். வெற்றிலைப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. காம்பு கிள்ள வேண்டும், நரம்பு உரிக்க வேண்டும், சுண்ணாம்பு தடவ வேண்டும், மடிக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள், ஒரு கைக்குத் தேவையான அத்தனை பயிற்சியும் அதில் இருக்கிறது. முதல் நாள் ஒரு வெற்றிலை மடிக்க நாற்பது நிமிஷம். நாலு கிழிந்தது. சுண்ணாம்பு புடவை முழுக்க. தை கழிந்து மாசி வந்தபோது தானே மடித்து, தானே வாயில் போட்டு, பேரனைப் பார்த்து ஒரு கோணல் சிரிப்பு சிரித்தாள். பையன் அந்த இடத்தில் விழுந்துவிட்டான் என்று நினைக்கிறேன். அம்மா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தாள். கம்பு ஊன்றிக் கொல்லை வரை நடந்தாள். கோலம் மட்டும் திரும்ப வரவில்லை.

திண்ணைப் பஞ்சாயத்துக்கு வருகிறேன். எனக்கு அன்று மேரி வர்கீஸ் நினைவுக்கு வந்தார். கொச்சிக்காரர். வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர். பெண்களுக்கான மருத்துவத்தில் மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. 1954 ஜனவரியில் இளம் டாக்டர்கள் ஒரு வேனில் பிக்னிக் கிளம்பியபோது விபத்து. முகம் கிழிந்தது. முதுகுத்தண்டு சேதமாகி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதோடு டாக்டர் தொழில் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை இது என்று அவருக்கு வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேரி அம்மையார் எத்தனையோ விரல்களை விரித்துக் கொடுத்தார். பிறகு அதுவும் போதாது என்று நியூயார்க் போய், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963ல் வேலூரில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966ல் வேலூர் பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களைத் தங்க வைத்துப் பழக்கும் நிலையம் வந்தது. இன்று அதற்கு அவர் பெயர்தான். 1972ல் பத்மஸ்ரீ. கணக்குப் பார்த்தால் ஒரே ஆயுளில் இரண்டு முறை தொழில் மாறியவர். அவர் பிசியோதெரபிஸ்ட் இல்லை, அந்தத் துறை டாக்டர். இரண்டும் வேறு படிப்பு. ஆனால் வேலை ஒன்றுதான், விழுந்தவரை உட்கார வைப்பது.

இந்தக் கதையைச் சொன்னேன். அத்தான் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு ஆக்சிடென்ட் ஆச்சு மாறுனாங்க. இவனுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி. அக்காதான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "அம்மாவுக்கு ஆச்சுல்ல. அது போதாதா?"

ஒரு விஷயத்தில் பையனுக்கு அதிர்ஷ்டம். இந்தப் படிப்பில் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். பதினைந்து வயதில் ஹெட்மாஸ்டர் ரூமில் அவசரமாகத் தேர்ந்தெடுக்கிற ஒரு குரூப், முப்பது வயதில் கதவைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. இவன் ஃபர்ஸ்ட் குரூப். திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. கூடப் படித்த பிள்ளைகள் முதல் வருஷம் 'அண்ணா' என்றார்கள், மூன்றாம் வருஷம் 'அங்கிள்' ஆகிவிட்டான். எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்தே தலைமுடி பாதி கொட்டியது. சேமிப்பு முழுக்கக் கரைந்தது. நிச்சயம் வரை வந்த பெண் வீடு ஒன்று, 'யோசிச்சு சொல்றோம்' என்று போய் இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறது. நாலு வருஷப் படிப்பும் ஆறு மாசப் பயிற்சியும் முடித்து வெளியே வந்தான். வந்தது 2020. கொரோனா. முதல் இரண்டு வருஷம் மூட்டையும் முதுகையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்குகிறவர்களைக் குப்புறப் படுக்க வைப்பதும், சளியை வெளியே கொண்டுவருவதும், ஊதச் சொல்லிக் கொடுப்பதுமாகப் போயிற்று. அதைப் பற்றி அவன் பேசமாட்டான். நானும் கேட்பதில்லை.

2022ல் பாபநாசம் பக்கத்திலேயே கிளினிக் போட்டான். முதலில் பார்த்த இடம் மாடி. வாடகை பாதி. "முட்டிவலிக்காரன் எப்படி மாமா மாடி ஏறுவான்?" என்று உரக்கடைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் பிடித்தான். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கரண்ட் வைப்பீங்களா?" நம் ஜனங்களுக்கு பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது. பெட்டியில் விளக்கு எரிய வேண்டும், தோலில் சுருசுருவென்று ஏற வேண்டும். வெறுமனே 'இந்தக் காலை இப்படித் தூக்கு, பத்து எண்ணு' என்றால், 'இதுக்கா காசு?' என்று முகம் போகிறது. வலி கொஞ்சம் மட்டுப்பட கரண்ட் உதவும், குணமாக்குவது தினமும் நீ செய்யப் போகிற பயிற்சிதான் என்று விளக்கிச் சொல்லி அலுத்துப் போய், இப்போது விபூதி கொடுப்பது மாதிரி முதலில் பத்து நிமிஷம் கரண்ட், அப்புறம் அரை மணி நேரம் பயிற்சி என்று வைத்திருக்கிறான்.

நம் டெல்டாவின் முதுகைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். குறுவைக்கு 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று சிபாரிசு. அதாவது சதுர மீட்டருக்கு 66 குத்து. ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 2,67,000 குத்து. பதினைந்து பெண்கள் இறங்கி ஒரு நாளில் முடித்தால் ஆளுக்கு 17,800 தடவை நாற்றைச் சேற்றில் குத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிமிர்வதில்லை. குனிந்தது குனிந்தபடி பின்னாலேயே நகர்வார்கள். நடவு மிஷினும் நேரடி விதைப்பும் வந்துவிட்டாலும், ஆள் நடவு ஒழிந்துவிடவில்லை.

ஸ்வீடனில் நாக்கெம்சன் என்ற எலும்பு டாக்டர் முதுகெலும்பு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், படுத்தால் 25, முன்னால் குனிந்து நின்றால் 150. அது சரி, நாற்காலியில் உட்கார்ந்தால்? 140! பையன் இந்தப் பட்டியலைக் காட்டி, "ஓஎம்ஆர்ல நான் பார்த்த வேலைக்கும் நடவு வேலைக்கும் பத்துதான் மாமா வித்தியாசம்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1999ல் ஜெர்மனியில் வேறு கருவி வைத்து அளந்தபோது, சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதை விடவும் குறைவாகவே வந்திருக்கிறது. ஏசி ரூமையும் சேற்றையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்கு முன்பே கொஞ்சம் சந்தேகம் உண்டு. குனிந்தால் ஏறுகிறது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'குனியாதே' என்று எழுதிக் கொடுப்பது சுலபம். நடவுக்காரிக்கு அதற்கு அர்த்தம் 'சாப்பிடாதே'. அதனால் இவன் வயலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். "ஏன்டா தம்பி, பொண்ணு பார்க்க வந்தியா?" என்று கிண்டல் பண்ணினார்களாம். பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னான். ஒரு பத்தி முடிந்ததும் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் வளைந்து ஐந்து எண்ண வேண்டும். நாற்று முடியைத் தூக்கும்போது இடுப்பை முறுக்கித் திரும்பாமல், காலோடு சேர்த்துத் திரும்ப வேண்டும். கேட்டவர்கள் கேட்டார்கள்.

அவன் செய்த வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். தென்னை மரம் ஏறுகிறவர், நாற்பது வயது இருக்கும். மரத்திலிருந்து விழுந்து தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் முடிந்ததைச் செய்து அனுப்பிவிட்டார்கள். மாமியார் வீடு பாபநாசம் பக்கம் என்பதால் இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி தருவதும் சேர்த்தி. அதில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர்தான், தினம் வரக்கூடிய ஆள் வேண்டும் என்று இவனிடம் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி:

"நடக்க வெச்சுருவீங்கல்ல தம்பி?"

பொய் சொன்னால் மாதாமாதம் பணம் வரும். இவன் ரிப்போர்ட்டைத் திரும்பவும் படித்துவிட்டுச் சொன்னான். "நடக்க வைக்க முடியாதுண்ணே. உக்கார வைக்கிறேன். நீங்களே எழுந்து, நீங்களே வண்டில ஏறி, நீங்களே குளிக்கிற மாதிரி ஆக்குறேன்."

அந்தம்மா எதுவும் பேசாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். மாமியார்க் கிழவி வாயில் வந்ததைச் சொன்னாள். பத்து நாள் இவனை யாரும் கூப்பிடவில்லை. பதினோராவது நாள் அந்தம்மாவே போன் பண்ணி, "உக்கார வைக்கிறேன்னிங்களே, வாங்க" என்றிருக்கிறாள்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட அவளுக்குக் கற்றுக் கொடுத்தான். புண் ஆற மூன்று மாசம். அப்புறம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நழுவுவது. "மரம் ஏறின கை மாமா. மத்தவங்களுக்கு மாசக்கணக்கா ஆகுறது இவருக்கு மூணே வாரம்" என்றான். இன்று அவர் தேங்காய் வியாபாரி ஒருவரிடம் மேஸ்திரி. தோப்பில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, எந்தக் குலை முற்றல் என்று கீழேயிருந்தே சொல்கிறார். இளவட்டங்கள் ஏறுகிறார்கள். இடுப்புக் கயிற்றைக் கட்டாமல் ஒருத்தனையும் ஏறவிடுவதில்லை.

அத்தான் இப்போது என்ன சொல்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? பத்திரிகையும் கையுமாக இருக்கிறார். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளக்கூடாது என்று டெல்லி சுகாதார சேவைகள் இயக்ககம் ஒரு கடிதம் எழுதி, மறுநாளே அதை வாபஸ் வாங்கியது. அந்த ஒரு நாள் முழுக்க அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. பையன் போர்டில் வெறும் பெயரும் படிப்பும்தான் போட்டிருக்கிறான். டாக்டர் போடு என்று இவர், வேண்டாம் என்று அவன். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இன்னமும் வருகிறது. அதில் அவனுக்கு வருத்தம் உண்டு, மறைக்கமாட்டான். இஎம்ஐ கட்டுகிற அன்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன வாரம் அவன் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது காலில் சுண்டுவிரல் வரை மின்னல் மாதிரி இழுக்கிறதாம். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தான். பாதத்தை அழுத்தச் சொன்னான், சுண்டிப் பார்த்தான். பத்து நாள் வயலில் இறங்கக்கூடாது என்றான்.

அந்தம்மா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொண்டார்.

"ஆத்துல தண்ணி வந்துருச்சு தம்பி. பத்து நாள் எல்லாம் ஆகாது. நாலு நாள் தரேன், பாத்து செய்யி."

"ஏழு" என்றான் பையன்.

"அஞ்சு. அதுக்கு மேல பேசாத."